மொடக்குறிச்சியில் 1033 பேர் தேர்தலில் நின்றது வெறும் விளம்பரக் கூத்துதானே?

கேள்வியிலேயே தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள். பொது அறிவுப் புத்தகத்தில் அந்த எண்ணை மட்டும் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த 1033 பேரில் என் அப்பாவும் ஒருவர். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

1996 சட்டமன்றத் தேர்தல், ஈரோடு பக்கத்தில் எங்கள் மொடக்குறிச்சித் தொகுதி. விவசாயிகளின் குறையை எந்தக் கட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, ஆளாளுக்கு மனுத்தாக்கல் செய்வோம் என்று கிளம்பினார்கள். டெபாசிட் அப்போது 250 ரூபாய். உரம் வாங்க வைத்திருந்த பணம் அது என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். அப்பாவோ ரசீதை முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். விளம்பரம் தேடுகிறவர் செய்கிற வேலையா இது?

தேர்தல் ஆணையம் திணறிப்போய், எங்கள் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவை ஒரு மாதம் தள்ளிவைத்தது. வாக்குச்சீட்டைப் புத்தகம்போல அச்சடிக்க வேண்டியதாயிற்று. அம்மா அதைப் புரட்டிப் புரட்டி அப்பாவின் பெயரைத் தேடிக்கொண்டிருக்க, வரிசையில் நின்ற ஒருவர் வெளியிலிருந்து குரல் கொடுத்தாராம்: "அக்கா, எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள்?"

தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. 158 பேருக்கு ஒரே ஒரு வாக்கு. அப்பா இரண்டாவது ரகம். அந்த ஒரு வாக்கைத் தான்தான் போட்டதாக அப்பா, அம்மா இரண்டு பேருமே சாதிக்கிறார்கள். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார், நான் தலையிடுவதில்லை.

அதற்கு மத்திய அரசு என்ன செய்தது தெரியுமா? அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட்டை 5000 ரூபாய் ஆக்கியது. ஒரே தாவலில் 20 மடங்கு! கோரிக்கை அப்படியே கிடக்க, கேட்டவன் வாயை அடைத்தார்கள். வாக்குச்சாவடி ஊழியர்களின் பாடு என்ன என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையும் என்னிடம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஓர் ஆண்டை விட்டால் இந்தத் தொகுதியில் ஒன்றுமே இல்லை என்பதுபோலப் பேசுகிறார்கள். இதே சுப்புலட்சுமி 1977-இல் இங்கே அ.தி.மு.க. சார்பில் வென்று எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்தவர். 2001-இல் அ.தி.மு.க., 2006-இல் காங்கிரஸ், பிறகு இரண்டு முறை மீண்டும் அ.தி.மு.க. 2021-இல் சுப்புலட்சுமியே திரும்பவும் நின்று, பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் 281 வாக்குகளில் தோற்றார். ஒற்றை வாக்கு வாங்கியவர்களைப் பார்த்துச் சிரித்த ஊர், அன்று இரவு ஒவ்வொரு வாக்காக எண்ணிக்கொண்டிருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்கிறேன். விசேஷங்களுக்கு வருகிற சொந்தக்காரர்கள், "தோட்டத்தை எப்போது கொடுக்கப் போகிறாய் மாப்பிள்ளை?" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். மஞ்சள் என்ன விலைக்குப் போயிற்று என்று ஒருவர் கேட்டதில்லை.

மஞ்சள் என்றதும் இன்னொன்று. 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 178 விவசாயிகள் மஞ்சள் வாரியம் கேட்டுக் களத்தில் இறங்கினார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். டெபாசிட் தலைக்கு 25,000 ரூபாய். அன்றைய முதலமைச்சரின் மகள் கவிதா அங்கே தோற்றார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்தையே தலைமையிடமாகக் கொண்டு திறக்கப்பட்டது. அந்த விவசாயிகள் தேர்தலில் நின்றதை யாரும் கூத்து என்று சொல்லவில்லை. மஞ்சள் மாநகரம் என்று பெயர் வாங்கிய ஈரோட்டுக்கு அந்த வாரியம் வரவில்லையே என்று அப்பா இன்னும் பொருமிக்கொண்டிருக்கிறார்.