ஆற்றங்கரை பப், ஆறிப்போன தட்டு

வாங்கினோர் கேள்வி-பதில்

வெயில் கொஞ்சம் அடித்தால் போதும், பிரிட்டனில் எல்லோரும் தண்ணீர் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நம் ஆட்களும்தான். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆற்றோர, கால்வாயோர, கடலோரக் கிராமத்து பப்களைப் பற்றியவை. பப்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். சில கடிதங்களில் இருந்த வசவுகளையும்.

கேள்வி: தேம்ஸ் கரையில் ஒரு கிராமத்து பப். ஞாயிறு மதியம் 1 மணிக்கு 6 பேருக்கு மேசை பதிவு செய்திருந்தோம். தட்டு வந்தது 2.40க்கு. கோழி ஆறிப்போய், கிரேவி மேல் ஆடை படிந்திருந்தது. பணிப்பெண் "கிச்சன் பிஸி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பசி, சாப்பிட்டுவிட்டோம். முழுப் பணமும் கட்டிவிட்டோம். இப்போது திரும்ப வாங்க முடியுமா? (ரெடிங் வாசகர்)

பதில்: சட்டம் உங்கள் பக்கம்தான். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு செய்கிற எந்தச் சேவையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். பப்புக்கும் இது பொருந்தும்.

ஆனால் ஆறு தட்டையும் வழித்துச் சாப்பிட்டு, பில் கட்டி, "தேங்க் யூ" சொல்லிவிட்டு வந்த பிறகு உங்கள் கையில் என்ன இருக்கிறது? நம் ஆட்களிடம் எனக்கு ஆகாத பழக்கம் இது. பணிப்பெண் வந்து "எல்லாம் ஓகேவா?" என்று கேட்கும்போது வாய் நிறையச் சாப்பாட்டோடு தலையாட்டுவது, ராத்திரி வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் இருந்துகொண்டு ஒரு ஸ்டார் போடுவது.

அடுத்த முறை ஆறிய தட்டு வந்தால் இரண்டாவது வாய்க்கு முன்னால் மேனேஜரைக் கூப்பிடுங்கள். பதினெட்டு வயதுப் பணிப்பெண்ணிடம் கத்தாதீர்கள், சமையலறை அவள் கையில் இல்லை. என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "சூடாக வேறு கொடுங்கள்" அல்லது "இந்த இரண்டு தட்டையும் பில்லில் கழியுங்கள்." மறுத்தால் நியாயமான ஒரு தொகையைக் கழித்துக் கட்டிவிட்டு, பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். காரணத்தைச் சொல்லி, முகவரியும் கொடுத்துவிட்டு வருகிறவரை ஏமாற்றிவிட்டு ஓடியவராக யாரும் பார்க்க முடியாது. சண்டை வேண்டாம் என்றால் முழுதும் கட்டுங்கள், ஆனால் எதிர்ப்போடுதான் கட்டுகிறேன் என்று ரசீதிலேயே எழுதி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேஸில் இனி செய்யக்கூடியது ஒரு மின்னஞ்சல். மேசை பதிவு செய்த நேரம், தட்டு வந்த நேரம், ரசீது, எவ்வளவு திரும்ப வேண்டும், இவ்வளவுதான். குடும்ப வரலாறு வேண்டாம். யாருக்கு எழுதுவது என்பதில் கவனம். வெளியே பலகையில் ஒரு பெரிய மதுபானக் கம்பெனியின் பெயர் இருக்கும், ஆனால் உள்ளே கடையை நடத்துவது குத்தகைக்காரராக இருப்பார். கம்பெனிக்கு எழுதினால் "அது தனி வியாபாரம்" என்று கையை விரித்துவிடுவார்கள். ரசீதின் அடியில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். அப்புறம், பப்பின் மது உரிமச் சுருக்கத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். உரிமம் யார் பெயரில் என்று அதில் இருக்கும்.

கேள்வி: கால்வாய் ஓரத்தில் ஒரு பப். அரை மணி நேரம் மேசையில் உட்கார்ந்திருந்தோம். ஒருவர்கூட வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. இது நிறவெறி இல்லையா? (மில்டன் கீன்ஸ்)

பதில்: பெரும்பாலான பப்களில் மேசைக்கு வந்து கேட்க மாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு நாம்தான் கவுண்டருக்குப் போய் ஆர்டர் கொடுக்க வேண்டும். கவுண்டரில் உங்களைத் தாண்டி, உங்களுக்குப் பின்னால் வந்தவருக்கு ஊற்றினார்களா? அப்போது எழுதுங்கள், அது வேறு கதை, அதற்கு 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் இருக்கிறது.

கேள்வி: அம்மா சுத்த சைவம், வயது 71. யார்க்‌ஷயர் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பப்புக்குப் போனோம். "வெஜிடபிள் சூப் சைவமா?" என்று கேட்டோம். "ஆமாம்" என்றார்கள். பாதி குடித்த பிறகு சமையல்காரர் வெளியே வந்து சிக்கன் ஸ்டாக்கில் (கோழி வேகவைத்த சாற்றில்) செய்தது என்று சாதாரணமாகச் சொன்னார். "ஸாரி, வேறு ஸ்டார்ட்டர் தரட்டுமா?" என்றார்கள். அம்மா அன்று ராத்திரி வரை எதுவும் சாப்பிடவில்லை. (லீட்ஸ் வாசகி)

பதில்: அம்மாவிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். கேட்டும் பொய்ப் பதில் வந்திருக்கிறது, அதனால் உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

இதை வெறும் மோசமான சர்வீஸ் என்று விட்டுவிடாதீர்கள். கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு. 1990ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளர் கேட்ட தன்மையில் இல்லாத உணவை விற்பது குற்றம். உணவைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பதும் குற்றம். சூப்புக்கு மட்டும் இல்லை, அம்மாவின் சாப்பாடு முழுவதற்கும் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கூடவே 0808 223 1133 என்ற சிட்டிசன்ஸ் அட்வைஸ் (இலவச ஆலோசனை அமைப்பு) நுகர்வோர் எண்ணுக்குப் பேசுங்கள். வியாபாரத்தில் நடக்கும் ஏமாற்றுகளைக் கண்காணிக்கும் கவுன்சில் பிரிவான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அலுவலகத்துக்கு நேரடியாக நாம் புகார் கொடுக்க முடியாது, இவர்கள் வழியாகத்தான் போகும்.

சைவக்காரர்களுக்கு இன்னொன்று. 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி விவரம் கொடுக்கச் சட்டக் கட்டாயம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் மீன் உண்டு, நண்டு-இறால் உண்டு, கோழியும் மாட்டுக் கொழுப்பும் கிடையாது. யார்க்‌ஷயர் பக்கம் பல இடங்களில் சிப்ஸையே மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். அதை ருசிக்கு அடையாளமாகப் பெருமையோடு எழுதியும் வைத்திருப்பார்கள். அதனால் "சைவமா?" என்று கேட்டால் போதாது. "எந்த எண்ணெய்? எந்த ஸ்டாக்? அதே சட்டியில் மீன் பொரிக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பணிப்பெண் யோசித்துக்கொண்டு நின்றால், உள்ளே போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: பியர் கிளாஸில் மேலே மூன்று விரல் நுரை. முழுக் காசு. (குரோய்டன்)

பதில்: "டாப் அப் ப்ளீஸ்." பைன்ட் என்றால் 568 மில்லி. கொஞ்சம் நுரையும் அந்த அளவில் சேர்த்திதான், ஆனால் மூன்று விரல் அதிகம். கேட்டால் நிரப்பித் தர வேண்டும் என்பது பப் தொழிலின் வழிகாட்டுதல்.

கேள்வி: ஆற்றோர பப்பில் நன்றாகச் சாப்பிட்டோம், சர்வீஸும் பரவாயில்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்கு 100 பவுண்ட் கேட்டுக் கடிதம்! கார் பார்க்கில் கேமரா இருக்கிறதாம். உள்ளே ஒரு டேப்லெட்டில் கார் நம்பரை அடித்திருக்க வேண்டுமாம். பப்பில் ஒருவரும் சொல்லவில்லை. என் நண்பர் "தூக்கிக் குப்பையில் போடு" என்கிறார். (ஹாரோ)

பதில்: நண்பரையும் கடிதத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கொதிப்பு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பப்புக்கு வாடிக்கையாளர் வருவதே பெரிய பாடு என்று முதலாளிகள் அழுகிறார்கள். அப்படி அறுபது மைல் வண்டி ஓட்டி வந்து, நாலு பேருக்குச் சாப்பாட்டுக்குச் செலவழித்தவரை, போகும்போது ஒரு கம்பெனி வாசலில் நின்று படம் பிடித்து 100 பவுண்ட் கேட்கிறது. டேப்லெட் எங்கே இருக்கும்? கவுண்டர் முனையில், கெட்சப் பாட்டிலுக்கும் நாய் பிஸ்கட் ஜாடிக்கும் நடுவில், திரை அணைந்த நிலையில். அறிவிப்புப் பலகை எங்கே இருக்கும்? ஐவி கொடி படர்ந்த கம்பத்தில், எழுத்து எறும்பு அளவில். ஆர்டர் எடுக்கும்போது "கார் நம்பர் போட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்க எத்தனை நொடி ஆகும்? இதைக் கேட்காத பப், பொரியல் எவ்வளவு மொறுமொறுப்பாகக் கொடுத்தாலும் என் கணக்கில் மோசமான சர்வீஸ்தான்.

சரி, செய்ய வேண்டியது. இது அபராதம் இல்லை. போலீஸோ கவுன்சிலோ போட்டதில்லை, தனியார் கம்பெனி அனுப்பிய பில். ஆனால் குப்பையில் போடாதீர்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் பார்க் வழக்கில் 85 பவுண்ட் கட்டணம் செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டது. அதன் பிறகு இவர்கள் தைரியமாகக் கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

முதல் வேலை, ரசீதோடு பப் மேனேஜருக்கு எழுதுங்கள். நிலம் அவர்களுடையது, கம்பெனியைக் கூப்பிட்டது அவர்கள். "எங்கள் வாடிக்கையாளர்தான், ரத்து செய்யுங்கள்" என்று அவர்கள் சொன்னால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். "எங்கள் கையில் இல்லை" என்று முதலில் சொல்வார்கள். இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டாவது, தேதியைப் பாருங்கள். கார் கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கேமராவை வைத்தே அனுப்பிய கடிதம், கார் நிறுத்திய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் கைக்கு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், கார் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து உங்களிடம் கேட்க முடியாது. உங்களுக்குப் பத்தாம் நாளே வந்துவிட்டதால் இந்த வழி இல்லை. இதைப் படிக்கிற மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, கம்பெனியிடமே மேல்முறையீடு. அவர்கள் மறுத்தால், எந்தப் பார்க்கிங் கம்பெனிகள் சங்கத்தில் உறுப்பினரோ அதைப் பொறுத்து பாப்லா (POPLA) அல்லது ஐஏஎஸ் (IAS) என்ற பார்க்கிங் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். நம்பரை அடித்து ஒரு எழுத்து மட்டும் மாறியிருந்தால் அதை ரத்து செய்ய வேண்டும் என்று அவர்கள் சங்கத்து விதியே சொல்கிறது.

14 நாளுக்குள் கட்டினால் 60 பவுண்ட் என்று ஆசை காட்டியிருப்பார்கள். அந்தப் பயத்தில் கட்டிவிட்டால் பிறகு மேல்முறையீடு கிடையாது.

கேள்வி: வீட்டிலிருந்து புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். பப் வெளியே ஆற்றைப் பார்த்த பெஞ்ச் காலியாக இருந்தது. உட்கார்ந்து பிரித்ததும் வந்து எழுந்திருக்கச் சொன்னார்கள். தண்ணீர் கேட்டதற்கும் முகம் சுளித்தார்கள். நுகர்வோர் உரிமை இல்லையா? (லூட்டன்)

பதில்: நீங்கள் எதையும் நுகரவில்லையே ஐயா! ஒரு கோக்காவது வாங்கியிருந்தால், குழாய்த் தண்ணீர் இலவசமாகக் கேட்க உங்களுக்கு உரிமை இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010இலிருந்து மது உரிமத்தின் கட்டாய நிபந்தனையே அது. வாங்கின வாடிக்கையாளரிடம் "பாட்டில் தண்ணீர்தான் இருக்கிறது" என்று சொல்கிற பப்பை மட்டும் கவுன்சிலின் உரிமப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவின் அறுபதாம் பிறந்த நாளுக்கு 14 பேருக்கு ஆற்றோர பப்பில் பதிவு செய்து, தலைக்கு 10 பவுண்ட் டெபாசிட் கட்டினோம். காலையில் ஆறு பெருகி பாரில் தண்ணீர் வந்துவிட்டது, மூடியிருக்கிறோம் என்று குறுஞ்செய்தி. அது அவர்கள் தப்பில்லை. ஆனால் டெபாசிட் "திரும்பத் தர இயலாது, வவுச்சர் தருகிறோம்" என்கிறார்கள். (ஸ்லவ்)

பதில்: வவுச்சரை வாங்காதீர்கள். என் மேசை இழுப்பறையில் இருவருக்கான "ஆற்றுப் படகு, மாலைத் தேநீர்" வவுச்சர் ஒன்று கிடக்கிறது. தள்ளுபடியில் வாங்கியது. செவ்வாய்க்கிழமை மட்டும், பள்ளி விடுமுறையில் கிடையாது, நவம்பரிலிருந்து படகே கிடையாது. மனைவி அதைத் தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறாள், என் அடுத்த வாங்கலுக்கு முன்னால் காட்டுவதற்காக.

ஆறு பெருகியது யார் தப்பும் இல்லைதான். ஆனால் சாப்பாடு போடாதவர் சாப்பாட்டுக்கான பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. "திரும்பத் தர இயலாது" என்ற வரி நீங்கள் வராமல் போனால் ஓரளவு செல்லும், அவர்கள் மூடியிருக்கும்போது செல்லாது. நியாயமற்ற நிபந்தனை என்று 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிட்டு, 14 நாள் கெடு கொடுத்து எழுதுங்கள். தரவில்லையா, வங்கியைக் கூப்பிட்டுச் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். டெபிட் கார்டுக்கும் உண்டு. பொதுவாக 120 நாள் வரைதான் கேட்க முடியும், அதனால் தீபாவளி வரை ஆறப்போட வேண்டாம்.

கேள்வி: நாங்களே கவுண்டரில் வாங்கி, நாங்களே தூக்கிக்கொண்டு வந்து, நாங்களே தட்டை எடுத்துக் கொடுத்தோம். பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். எடுக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது. (வெம்ப்ளி)

பதில்: யார் யாருக்குச் சர்வீஸ் செய்தது? "விருப்பத்தின்பேரில்" என்று போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நல்லபடி கவனித்தால் தாராளமாகக் கொடுங்கள். 2024 அக்டோபரிலிருந்து டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முதலாளி கைவைக்காமல் பணியாளருக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

கேள்வி: ஒரு ஸ்டார் விமர்சனம் போட்டேன். "எடுக்காவிட்டால் வக்கீல் நோட்டீஸ்" என்று பப் முதலாளி மிரட்டுகிறார். "இலவசமாக ஒரு டின்னர் கொடுத்தால் எடுக்கிறேன்" என்று பதில் போடலாமா? (ஈஸ்ட் ஹாம்)

பதில்: போட்டீர்கள் என்றால் நீங்கள் மிரட்டுவதுபோல் ஆகிவிடும், அவர் வக்கீலுக்கு வேலை மிச்சம். நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால், உண்மையும் நேர்மையான கருத்தும் 2013ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தில் தற்காப்பாக இருக்கின்றன. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "சமையலறையில் எலி" என்று பார்க்காததை எழுதியிருந்தால் இப்போதே எடுங்கள்.

கேள்வி: வெஸ்ட் சசெக்ஸில் போஷம் கிராமத்துக்குப் போயிருந்தோம். கரையோரச் சாலையில் காரை நிறுத்திவிட்டுப் பப்பில் இரண்டு மணி நேரம். திரும்பி வந்தால் கடல் ஏறிக் கார் கதவு வரை தண்ணீர். பப்பில் ஒருவராவது எச்சரித்திருக்க வேண்டாமா? அவர்களிடம் நஷ்ட ஈடு கேட்கலாமா?

பதில்: முடியாது. அந்தச் சாலையில் கடல் ஏறுவது ஊரறிந்த விஷயம். முழுக்காப்பீடு இருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடுங்கள், அதற்கு முன் எக்காரணம் கொண்டும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.