பூர்வகுடிக் குழந்தைகள் மையத்தில் குடும்பங்களோடு வேலை: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஆஸ்திரேலியாவில் சைல்ட்கேர் வேலைக்கு வரும் தமிழ்ப் பெண்கள் நிறைய. நான் விக்டோரியாவில், பூர்வகுடிச் சமூகமே நடத்தும் ஒரு மையத்தில் குடும்ப ஆதரவுப் பணியில் இருக்கிறேன். அந்தச் சமூகத்தில் பிறந்தவள் இல்லை. அங்குள்ள ஆன்ட்டிகளிடம் (சமூகத்தின் மூத்த பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்) கேட்டுக் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

அக்கா, ஒரு அம்மா சேர்க்கை ஃபார்மை நிரப்பவே மாட்டேன் என்கிறார். "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்" என்று கேட்டாலே முகம் மாறிவிடுகிறது. ஏன் இந்த அலட்சியம்? (டிப்ளமோ மாணவி, மெல்போர்ன்)

அலட்சியம் இல்லை, பயம். 1910-லிருந்து 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை குடும்பத்திடமிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்டதாக 1997-இல் வந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13-இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பேரனைக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் பாட்டியே அப்படிக் கொண்டுபோகப்பட்டவராக இருக்கலாம். அது பழங்கதையும் இல்லை. இன்றும் வீட்டை விட்டு எடுக்கப்பட்டு அரசுப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளில் பத்தில் நான்கு பேருக்கு மேல் பூர்வகுடியினர். அப்படியிருக்க, பேனாவும் கையுமாக நீங்கள் கேட்கும் அந்தக் கேள்வி அவர் காதில் எப்படி விழும்?

முதல் நாள் ஃபார்மை எடுக்கவே வேண்டாம். டீ போட்டுக் கொடுங்கள், குழந்தை மண்ணில் விளையாடட்டும். அடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியும் எதற்கு என்று சொல்லிக்கொண்டே நிரப்புங்கள்: "குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? அதற்குத்தான் டாக்டர் பேர்." சட்டப்படி கட்டாயமான வரிகளை மட்டும் முதலில் முடியுங்கள். மற்றதெல்லாம் தானே வரும்.

நாமும் வெளியிலிருந்து வந்தவர்கள்தானே. நம்மை நம்புவார்களா? (சிட்னி)

உங்கள் சர்ட்டிஃபிகேட்டை யாரும் கேட்கப்போவதில்லை. எந்த ஊர், உன் ஆட்கள் யார் என்றுதான் கேட்பார்கள், நம்மூர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி "நீ யாரு வீட்டுப் பொண்ணு" என்று கேட்பதைப் போல. ஒளிக்காமல் சொல்லுங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். அவர்கள் மௌனமாக இருந்தால் அந்த இடைவெளியை நீங்கள் பேசி நிரப்ப வேண்டாம். கண்ணைப் பார்த்துப் பேசாததை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். பல குடும்பங்களில் அது மரியாதை.

ஒரு குழந்தையைத் திங்கள் ஒருவர், புதன் ஒருவர் வந்து கூட்டிப்போகிறார்கள். மூன்று பேரை "அம்மா" என்கிறது! (பிரிஸ்பேன்)

பெரியம்மா, சித்தி எல்லோரும் அம்மா என்று வளர்ந்த நமக்கே இது குழப்பமா? பல பூர்வகுடிச் சமூகங்களில் அம்மாவின் சகோதரியும் அம்மாதான். வளர்க்கும் பொறுப்பும் அவருக்கு உண்டு. கூட்டிப்போக அனுமதி உள்ளவர்கள் பட்டியலை நீளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குக் கூப்பிடும்போது "பெற்றோர்" என்று போடாமல் "குடும்பத்தார்" என்று போடுங்கள்.

பாட்டியோ தாத்தாவோதான் வளர்க்கிறார், அவருக்கு அரசு உதவித்தொகையும் வருகிறது என்றால், அவர்களுக்கென்றே கூடுதல் சைல்ட்கேர் மானியம் உண்டு. கட்டணம் ஏறக்குறைய முழுவதும் அதில் அடங்கிவிடும். ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். அரசு உதவித்தொகை அலுவலகமான சென்டர்லிங்கின் போன் வரிசையில் அவரோடு சேர்ந்து காத்திருப்பதும் நம் வேலைதான். அந்த இசையைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பூர்வகுடிக் குழந்தைகளுக்கு 2026 ஜனவரி முதல் இரு வாரத்துக்கு 100 மணி நேரம் மானியம் கிடைக்கிறது. வீட்டில் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று பார்ப்பதில்லை.

சாவு வீடு என்று வாரக்கணக்கில் குழந்தை வருவதில்லையே? (பெர்த்)

வரட்டும் மெதுவாக. துக்க காரியங்களில் கலந்துகொள்வது அங்கே கட்டாயக் கடமை. ஆண்டுக்கு 42 நாள் வரை வராவிட்டாலும் மானியம் தொடரும். அதைச் சொல்லி அவர்கள் கவலையைக் குறையுங்கள். இறந்தவர் படம் மையத்தின் சுவரில் இருந்தால் எடுத்துவிட வேண்டுமா, பெயரைச் சொல்லலாமா என்று குடும்பத்திடம் கேளுங்கள். வழக்கம் இடத்துக்கு இடம் மாறும்.

நாலு வயசுப் பையன் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. முரட்டுத்தனம் என்று சக டீச்சர் எழுதி வைக்கிறார். (டார்வின்)

எழுதும் முன் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் பூர்வகுடிக் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே வருகிறது, நீண்ட நாள் இருக்கிறது. வலி இருக்காது, சீழும் வராமல் இருக்கலாம். நேற்றுக் கேட்டது இன்று கேட்காது. எல்லோரும் பாயில் உட்கார்ந்து கதை கேட்கும் நேரத்தில் கவனியுங்கள்: கதை சொல்பவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் சிரிக்கிறான், பின்னால் உட்கார்ந்தால் பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறான் என்றால் எனக்குச் சந்தேகம் காதின் மேல்தான். முன்னால் உட்கார வையுங்கள், அவன் உயரத்துக்குக் குனிந்து முகம் பார்த்துப் பேசுங்கள், ஃபேனையோ பாட்டையோ நிறுத்துங்கள். அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் 715 என்ற எண்ணில் பூர்வகுடியினருக்கு ஆண்டு உடல்பரிசோதனை உண்டு. சமூக கிளினிக் நர்ஸை மையத்துக்கே வரவழைத்தால் பாதி வேலை முடிந்தது. குடும்பத்திடம் "உங்கள் பையன் சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்று ஆரம்பித்தால் கதவு மூடிக்கொள்ளும். "அவனுக்குச் சரியாகக் கேட்கிறதா என்று பார்த்துவிடலாமா?" என்று ஆரம்பியுங்கள்.

குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால்? புகார் செய்தால் குடும்பத்தின் நம்பிக்கையே போய்விடுமே. (ஜீலாங்)

எல்லோருக்கும் தொண்டையில் நிற்கும் கேள்வி. விக்டோரியாவில் 2019 மார்ச்சிலிருந்து நம் துறையில் இருப்பவர்கள் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குச் சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அதில் விலக்கு கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் வறுமையையும் கொடுமையையும் ஒன்றாக்காதீர்கள். டப்பாவில் சாப்பாடு இல்லை என்றால் சாப்பாடு கொடுப்பதுதான் முதல் வேலை. ஒரே கட்டிலில் நாலு பேர் படுப்பது வீட்டு வசதிப் பிரச்சினை.

உண்மையில் ஆபத்து என்றால், சொல்வதால் குழந்தைக்கு மேலும் தீங்கு வராது என்று உறுதியான பிறகு, குடும்பத்திடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத் தெரிவிப்பதே என் வழக்கம். அவர்கள் நம்பும் ஒரு மூத்தவரும் அப்போது கூட இருப்பார். விக்டோரியாவின் பெரும்பகுதியில் லகிஜெக்கா என்ற பூர்வகுடி ஆலோசனை சேவை இருக்கிறது. குழந்தைப் பாதுகாப்புத் துறை முடிவெடுக்கும்போது அதைக் கலந்துகொள்ள வேண்டும். வீட்டை விட்டு எடுத்தே தீர வேண்டும் என்ற நிலையிலும் முதலில் உறவினர், பிறகு அதே சமூகத்தார் என்ற வரிசை சட்டத்திலேயே இருக்கிறது. அந்த வரிசையைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே, சண்டை சச்சரவு இல்லாத ஒரு நாளில் சொல்லி வையுங்கள். எந்தச் சித்தப்பா, எந்த அத்தை என்று அவர்களே பெயர் சொல்வார்கள்.

பெற்றோர் வகுப்பு வைத்தால் ஒருவரும் வருவதில்லை. (அடிலெய்ட்)

நானாக இருந்தாலும் வர மாட்டேன். குழந்தை வளர்க்கத் தெரியாது என்று சொல்லாமல் சொல்லும் அழைப்பு அது. பஸ் அனுப்புங்கள், ஒரு ஆன்ட்டியைச் சமைக்கச் சொல்லுங்கள், பேச்சு தானாக நடக்கும். ஆகஸ்ட் 4-ஐ விட்டுவிடாதீர்கள். பிரிக்கப்பட்டு, பிறந்த தேதியே தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்துப் பிறந்தநாள் கொண்டாடிய தேதி அது. 1988-லிருந்து பூர்வகுடிக் குழந்தைகள் தினம். கேக் கொஞ்சம் பெரிதாகவே சொல்லி வையுங்கள், உறவு மொத்தமும் வரும்.