ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடு சோல் ஏன் அடியில உக்காந்துடுது?

கேள்வி: லேப்ல கொதிக்கிற தண்ணில ஃபெர்ரிக் குளோரைடு சொட்டு சொட்டா விட்டு ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடு சோல் (தண்ணில ரொம்ப நுண்ணிய துகள்கள் பரவி மிதக்கற கலவை) பண்ணேன், நல்ல செம்பழுப்பா வந்துச்சு. அப்புறம் குழாய்த் தண்ணில வெச்சு ரெண்டு நாள் டயாலிசிஸ் (சவ்வு வழியா வேண்டாத அயனிகளை வெளியேத்தி சுத்தம் பண்றது) பண்ணேன், இப்ப அடியில வண்டல். பக்கத்துல இருக்கற ஸ்டார்ச் சோல்ல உப்பே போட்டாலும் ஒண்ணும் ஆகல. என்ன தப்பு?

பதில்: எனக்கு முதல் சந்தேகமே அந்த குழாய்த் தண்ணி மேலதான்.

உங்க ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடு தண்ணியோட ஒட்டாத லயோஃபோபிக் வகை, துகள்கள் மேல ஒட்டியிருக்கற ஃபெர்ரிக் அயனியால வர்ற பாசிட்டிவ் சார்ஜ்தான் அதுங்களை ஒண்ணோட ஒண்ணு சேரவிடாம தள்ளி வெக்குது, அந்த சார்ஜ் போச்சுன்னா துகளெல்லாம் சேர்ந்து கட்டியாகி கீழ இறங்கிடும், திரும்ப கலக்கினாலும் பழையபடி சோல் ஆகுறது கஷ்டம். குழாய்த் தண்ணில பெரும்பாலும் சல்பேட்டும் பைகார்பனேட்டும் இருக்கும். பாசிட்டிவ் சோலை திரிய வெக்கறது நெகட்டிவ் அயனி, அதுலயும் ரெண்டு சார்ஜ் உள்ள சல்பேட் குளோரைடை விட ரொம்ப மோசம். இதான் ஷூல்ஸ்-ஹார்டி விதி. எவ்ளோ மோசம்னு புரிய ஆர்செனிக் சல்பைடு சோலைப் பாருங்க, அது நெகட்டிவ்ங்கறதால அங்க பாசிட்டிவ் அயனிதான் கணக்கு: அதை திரிய வெக்க லிட்டருக்கு சோடியம் குளோரைடு (சோடியம் அயனிக்கு ஒரு சார்ஜ்) சுமார் 51 மில்லிமோல் வேணும், பேரியம் குளோரைடுன்னா (ரெண்டு சார்ஜ்) 0.69, அலுமினியம் குளோரைடுக்கு (மூணு சார்ஜ்) வெறும் 0.093! பைகார்பனேட் வேற அமிலத்தன்மையைக் குறைச்சு சார்ஜையும் குறைச்சுடும்.

அதனால டயாலிசிஸுக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். அதுக்காக நாள்கணக்கா விட்டுடாதீங்க, சுத்தம் பண்றோம்னு எல்லா ஃபெர்ரிக் அயனியையும் வெளிய அனுப்பிட்டா அப்பவும் சோல் படுத்துடும், புக்ல டயாலிசிஸ்னு ஒரு வரி போட்டுட்டு இதை சொல்லாமலே விட்டுடறாங்க. லேசா அமிலமா இருக்கறதுதான் இதுக்கு நல்லது.

ஸ்டார்ச் கதை வேற. அது தண்ணியோட நல்லா ஒட்டற லயோஃபிலிக் வகை, தண்ணி மூலக்கூறுகளே அதை சுத்தி உறை மாதிரி நிக்குது, சார்ஜை மட்டும் நம்பி இல்ல, அதனால கொஞ்சம் உப்புக்கெல்லாம் அசையாது, நிறைய போட்டாத்தான் அந்த தண்ணி உறையையும் உருவி வெளிய தள்ளும்.

லயோஃபோபிக்னாலே சீக்கிரம் கெட்டுடும்னும் நினைக்காதீங்க, ஃபாரடே 1850கள்ல பண்ணின தங்க சோல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல இன்னும் இருக்கு.

இன்னும் பாதுகாப்பு வேணும்னா கொஞ்சம் ஜெலட்டின் கரைசல் சேருங்க. இதோட கோல்டு நம்பர் (தங்க சோலை உப்பு திரிய வெக்காம காக்க எத்தனை மில்லிகிராம் வேணும்ங்கற அளவு) 0.005லருந்து 0.01 வரைக்கும், ஸ்டார்ச்சுக்கு 25 பக்கம், நம்பர் கம்மியா இருந்தாத்தான் பாதுகாப்பு அதிகம். ஆனா ரொம்ப கம்மியா போட்டா ஒரே ஜெலட்டின் சங்கிலி ரெண்டு மூணு துகளைப் பிடிச்சு இழுத்து சேர்த்துடும், அதனால முதல்ல ஒரு டெஸ்ட் ட்யூப்ல அளவைப் பார்த்துட்டு அப்புறம் மொத்தத்துல சேருங்க.