கூகுளுக்குப் போட்ட அபராதம் போதாதா?

கேள்வி: கூகுள், மெட்டா போன்ற நிறுவனங்களுக்குப் போட்டி ஆணையம்தான் கோடிக்கணக்கில் அபராதம் போடுகிறதே, பிறகு ‘டிஜிட்டல் போட்டி மசோதா’ என்று தனியாக ஒரு சட்டம் எதற்கு? அது வந்தால் நம்மூர் ஸ்டார்ட்அப்கள்தான் அடிபடும், அமெரிக்கா கோபித்துக்கொள்ளும், இலவசமாகக் கிடைப்பதற்கெல்லாம் காசு கேட்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்களே?
– ஈரோடு வாசகர் ஒருவர்

பதில்: போதாது. அபராதத் தொகையைப் பார்க்காதீர்கள், அது வந்து சேர எத்தனை ஆண்டு ஆனது என்று பாருங்கள். பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை நிறுவனம் கூகுள்மீது, சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் போட்டி ஆணையத்தில், புகார் கொடுத்தது 2012-இல். தேடல் முடிவுகளில் கூகுள் தன் சொந்தச் சேவைகளை முன்னால் நிறுத்திக்கொள்கிறது என்று ஆணையம் தீர்மானித்து 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது 2018 பிப்ரவரியில். இடையில் ஜியோ வந்து, கோடிக்கணக்கானவர்கள் கைக்கு ஸ்மார்ட்போன் போய்ச் சேர்ந்து, சந்தையே வேறாகிவிட்டது. அந்த ஆறு ஆண்டில் கூகுளோடு போட்டிபோட முயன்று கடையை மூடியவனுக்கு 135 கோடியில் ஒரு பைசா கிடைக்காது. அபராதம் அரசு கஜானாவுக்குப் போகிறது.

இந்தத் தாமதத்துக்கு ஆணையத்தின் சோம்பல் காரணமல்ல, 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் அமைப்பே அப்படி. புகார் வந்ததும் முகாந்திரம் இருக்கிறதா என்று ஆணையம் பார்க்கும். இருந்தால் தலைமை இயக்குநர் விசாரிப்பார். ‘சம்பந்தப்பட்ட சந்தை’ எது என்று முதலில் வரையறுக்க வேண்டும். அதில் அந்த நிறுவனம் ஆதிக்கம் செலுத்துகிறது என்று காட்ட வேண்டும். பிறகுதான், 4-ஆம் பிரிவின்படி, ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று நிரூபிக்க வேண்டும். வழக்கறிஞர்களும் பொருளாதார நிபுணர்களும் மாதக்கணக்கில் மோதுவது சந்தை வரையறையில்தான். ‘ஆப் ஸ்டோர் தனிச் சந்தையா, ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் சேர்ந்தது ஒரே சந்தையா?’ என்ற ஒரு கேள்விக்கே ஆயிரம் பக்கம் ஓடும். உத்தரவு வந்த பிறகு தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம்.

பிளே ஸ்டோர் கட்டண வழக்கைப் பாருங்கள். செயலிக்குள் டிஜிட்டல் சேவை விற்றால் கூகுளின் பில்லிங் முறையில்தான் பணம் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதற்காக 2022 அக்டோபர் 25 அன்று 936.44 கோடி அபராதம் விதித்து, வேறு பில்லிங் முறைகளையும் அனுமதிக்கச் சொன்னது ஆணையம். கூகுள் அனுமதித்தது. எப்படி? தன் பில்லிங்கில் சந்தாவுக்கு 15 சதவீதம் எடுத்தது, வேறு பில்லிங்கில் போனால் 11 சதவீதம் என்றது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் போகும் மற்ற விற்பனைகளுக்கு 30 சதவீதம், அது 26 ஆனது. 1,000 ரூபாய்ச் சந்தாவில் கணக்குப் போடுங்கள். கூகுள் வழியே போனால் 150 ரூபாய் பிடித்தம். வெளியே போனால் கூகுளுக்கு 110, கார்டில் வசூலித்தால் பேமெண்ட் கேட்வேக்காரருக்கு ஒரு 20 ரூபாய், ஆக 130. மிச்சம் 20 ரூபாய். அதற்காக இரண்டு பில்லிங் முறைகளையும் பராமரித்து, ரீஃபண்ட் தகராறையும் தானே பார்த்துக்கொள்ள எந்தச் சின்ன நிறுவனம் முன்வரும்? தென்கொரியா 2021-இல் இதற்கென்றே சட்டத்தைத் திருத்தியது. அங்கும் குறைந்தது அதே நான்கு சதவீதம்தான். உத்தரவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நோக்கத்தைக் காலி செய்வது இப்படித்தான்.

இந்தக் கட்டணத்தை எதிர்த்துச் செயலி நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார், 2024 ஜனவரியில் டிவிஷன் பெஞ்சும் அதையே சொன்னது. உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்புத் தரவில்லை. 2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி, ஷாதி, 99ஏக்கர்ஸ் உள்ளிட்ட செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் தூக்கியது. புதிதாக யாரும் இறக்கிக்கொள்ள முடியாது. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாளில் அவை திரும்பின. அமைச்சரிடம் போய் நிற்கக்கூடிய பெரிய நிறுவனங்கள் பிழைத்தன. திருப்பூரில் பத்துப் பேரை வைத்துச் செயலி நடத்துகிறவர் யாரிடம் போவார்? தொலைபேசி அழைப்பில் தீர்ந்த இந்த விஷயத்துக்கு ஒரு விதி இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அபராதமோ, 2025 மார்ச்சில் தீர்ப்பாயத்தில் 216.69 கோடியாகச் சுருங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

வாட்ஸ்அப் விஷயமும் இதே ரகம். 2021-இல் வந்த தனியுரிமைக் கொள்கைக்கு 2024 நவம்பரில்தான் 213.14 கோடி அபராதம் வந்தது. விளம்பரத்துக்காக மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு தகவலைப் பகிரக்கூடாது என்ற ஐந்தாண்டுத் தடையை 2025 நவம்பரில் தீர்ப்பாயம் நீக்கியது, அபராதத்தை அப்படியே விட்டுவைத்தது. அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை 213 கோடி ஒரு செலவுக் கணக்கு. தடைதான் வலித்திருக்கும்.

இனி மசோதாவுக்கு வருவோம். 2022 டிசம்பரில் ஜெயந்த் சின்ஹா தலைமையிலான நாடாளுமன்ற நிதி நிலைக்குழு, தவறு நடக்கும்வரை காத்திராமல் ‘முன்கூட்டியே விதி வேண்டும்’ என்று பரிந்துரைத்தது. அதன்பின் அமைந்த குழு 2024 மார்ச்சில் வரைவை வெளியிட்டது. தேடுபொறி, சமூக வலைத்தளம், இயங்குதளம், பிரவுசர், கிளவுட், விளம்பரம் என ஒன்பது சேவைகள் அதன் வரம்புக்குள் வருகின்றன. கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒவ்வொன்றிலும் இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல், அல்லது உலக அளவில் 3,000 கோடி டாலர் விற்றுமுதல், அல்லது இந்தியாவில் 16,000 கோடி ரூபாய் மொத்த வணிக மதிப்பு (தளத்தின் வழியே நடந்த மொத்த விற்பனை), அல்லது 7,500 கோடி டாலர் சந்தை மதிப்பு, இவற்றில் ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். அதோடு ஒரு கோடிப் பயனர்களோ பத்தாயிரம் வணிகப் பயனர்களோ இருக்க வேண்டும். இந்த அளவை எட்டிய நிறுவனம் 90 நாளில் தானே ஆணையத்திடம் சொல்ல வேண்டும். மூன்றாண்டுக்கு அது ‘குறிக்கப்பட்ட’ நிறுவனம். தன் பொருளை முன்னால் தள்ளக்கூடாது, தன் தளத்தில் விற்கும் வியாபாரியின் வெளிவராத தகவலை எடுத்து அவரோடே போட்டிபோடக்கூடாது, வெளியே விலை குறைவு என்று வாடிக்கையாளரிடம் சொல்வதைத் தடுக்கக்கூடாது. மீறினால் உலக விற்றுமுதலில் 10 சதவீதம் வரை தண்டம். இதில் சந்தையை வரையறுக்கும் சண்டை இல்லை என்பதுதான் பெரிய லாபம்.

ஸ்டார்ட்அப் சாகும் என்பவர்களுக்கு மேலே உள்ள 4,000 கோடியைக் காட்டுங்கள். ஐம்பது கோடி விற்கும் நிறுவனத்தை இந்த அளவுகோல் தொடாது. பயப்படுவது, வளர்ந்து பெரிய தளங்களாகிவிட்ட சில இந்திய நிறுவனங்கள். பெரிய தளம் இந்தியருடையது என்பதற்காக அதில் விற்கும் கடைக்காரருக்கு நஷ்டம் குறைந்துவிடாது. ஆனால் ஒரு குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் நாலரைக் கோடிப் பயனர்களைக் கேட்கிறது. அங்குள்ள மக்கள்தொகையில் அது பத்தில் ஒரு பங்கு. நம் வரைவின் ஒரு கோடி, நம் மக்கள்தொகையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே பயனர், வணிகப் பயனர் இரண்டு எண்ணிக்கையும் சேர்ந்து இருக்க வேண்டும், இங்கே ‘அல்லது’ போட்டிருக்கிறார்கள். அந்த ‘அல்லது’வை எடுத்துவிட்டு எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினால் தேவையில்லாத நிறுவனங்கள் உள்ளே வராது. அளவை எட்டாத நிறுவனத்தையும் ஆணையம் குறிக்கலாம் என்ற பிரிவுக்கும் தெளிவான நிபந்தனை வேண்டும். மசோதாவைக் கிடப்பில் போட இவை காரணம் ஆகா. 2025 முடியும்வரை அது மக்களவைக்கே வரவில்லை.

ஐரோப்பாவில் விதிகள் 2024 மார்ச் 7 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அங்கே எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். ஒரு ஊர்ப் பெயரைத் தேடினால் வரும் படத்தைத் தொட்டு நேராக கூகுள் மேப்ஸுக்குப் போவது அங்கே நின்றுபோனது, மக்கள் எரிச்சலடைந்தார்கள். ஐபோன் திரையைக் கணினியில் காட்டும் வசதியை ஆப்பிள் ஐரோப்பாவில் தரவில்லை. விதியை எழுதும்போதே எதைப் பிரிக்க வேண்டும், எதைப் பிரித்தால் பயனருக்குத்தான் தொல்லை என்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஆனால் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ, மெட்டாவுக்கு 20 கோடி யூரோ அபராதம் 2025 ஏப்ரலிலேயே வந்தது. விதி அமலான பதினான்காவது மாதம்.

அமெரிக்காவின் கோபம் உண்மைதான். வெளிநாட்டு நிறுவனங்களின் இணைய விளம்பரத்துக்கான 6 சதவீதச் சமன்படுத்தும் வரியை, வர்த்தகப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில், 2025 ஏப்ரல் 1 முதல் இந்தியா கைவிட்டது. கனடா தன் டிஜிட்டல் சேவை வரியை 2025 ஜூன் இறுதியில் வாபஸ் வாங்கியது. இந்த மசோதாவையும் அப்படிப் பேரத்தில் வைத்துவிடுவார்களோ என்பதுதான் எனக்குள்ள நிஜமான கவலை. இது அமெரிக்காவுக்கு எதிரான சட்டம் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். தேடலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது வாஷிங்டன் நீதிமன்றம். வழக்கைத் தொடுத்தது 2020-இல் டிரம்ப்பின் முதல் ஆட்சி.

சட்டத்தைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பிளே ஸ்டோர் உத்தரவு வந்த அன்றே ஆணையத்தின் தலைவர் ஓய்வு பெற்றார். மிஞ்சியது இரண்டு உறுப்பினர்கள், குறைந்தபட்சத் தேவை மூன்று. புதிய தலைவர் வந்தது 2023 மே மாதத்தில். ஏழு மாதம் நாற்காலி காலி. இந்த ஆணையத்தின் கையில் புதுச் சட்டத்தைக் கொடுப்பதற்கு முன், மென்பொருள் நிரலைப் படித்துப் பார்க்கத் தெரிந்த பொறியாளர்களை அங்கே நிரந்தரமாக நியமிக்க வேண்டும், தீர்ப்பாயத்தில் இதற்கென்று தனி பெஞ்ச் வேண்டும். வரைவை வெளியிட்ட குழுவும் இந்த பெஞ்சைப் பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் தொகுதி எம்.பி.யைப் பார்த்தால் மசோதா எப்போது வரும் என்பதோடு இதையும் கேளுங்கள்.

காசு கேட்பார்களா என்று கேட்டீர்கள். ஐரோப்பாவில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரமில்லாமல் வேண்டுமென்றால் மாதம் 9.99 யூரோ கட்டு, இல்லையேல் உன் தகவலைப் பயன்படுத்த ஒப்புக்கொள் என்று 2023 நவம்பரில் மெட்டா ஒரு திட்டம் கொண்டுவந்தது. நான் மேலே சொன்ன 20 கோடி யூரோ அபராதம் அந்தத் திட்டத்துக்குத்தான். விளம்பரத்தோடு பார்ப்பவர்களுக்கு அந்தச் சேவைகள் அங்கே இன்றும் இலவசம்.