பதினெட்டாயிரம் ரூபாய் பெட்டி வேண்டாம், ஒரு தாம்பாளம் போதும்

மூன்று வயது மகளுக்கு வீட்டிலேயே மாண்டிசோரி முறையில், அதாவது பிள்ளை தானே கையால் செய்து கற்கும் முறையில், சொல்லிக்கொடுக்க ஆசைப்படும் ஓர் அம்மா எழுதியிருக்கிறார். ஒருவர் 18,000 ரூபாய்க்கு அதற்கான சாமான்கள் முழு செட்டும் பெட்டியாகத் தருகிறாராம், வாங்கலாமா என்கிறார். பிள்ளை எதிலும் ஐந்து நிமிடம்கூட உட்காருவதில்லை என்பது அவருடைய இன்னொரு கவலை.

வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் தனிச்சொத்து இல்லை, பெட்டியிலும் பள்ளிப் பலகையிலும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள், ஏன் என்று கேட்க ஆளில்லை. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி வேலை செய்தார். அவர் நடமாடிய இந்த மண்ணிலேயே பத்து நாள் வகுப்புக்குச் சான்றிதழ் விற்கிறார்கள், அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு பெற்றோரிடம் பெட்டி விற்கிறார்கள். இருபது வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த செட்டில் இளஞ்சிவப்புக் கோபுரம் என்று பத்து மரக்கட்டைகள் இருக்கும். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை, அளவு மட்டும்தான் மாறும், நிறமும் வடிவமும் ஒன்றே. பெரிது சிறிது என்பதைக் கையும் கண்ணும் சேர்ந்து பழகுவதற்கு அது. பள்ளிக்கு அவசியம். வீட்டில் உங்கள் எவர்சில்வர் அடுக்கு டப்பாக்களைக் கொடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை என்றால் தப்பு எங்கே என்று அவளுக்கே தெரிந்துவிடும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு தாம்பாளத்தில் இரண்டு சின்ன டம்ளர், ஒன்றில் பாதி அரிசி. நீங்கள் முதலில் மெதுவாக, பேசாமல், ஒன்றிலிருந்து மற்றதற்கு ஊற்றிக் காட்டுங்கள். பேசினால் அவள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள், கையைப் பார்க்க மாட்டாள். சிந்தியதை அள்ளவும் காட்டிக்கொடுங்கள், அதுவும் பாடம்தான். அரிசி கைக்கு வந்த பிறகு தண்ணீர், பக்கத்தில் ஒரு துடைக்கும் துணி. கைக்குட்டை மடிப்பது, கீரை ஆய்வது, அவித்த முட்டை உரிப்பது, துணி கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவது எல்லாமே இதே வகைதான்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம். பட்டாணி, புளியங்கொட்டை, நிலக்கடலை, மணிகள் இவற்றைப் பிரித்து அடுக்கும் விளையாட்டு வீடியோக்களில் அழகாக இருக்கும். இன்னும் எதையும் வாயில் வைக்கும் பிள்ளை என்றால் அது வேண்டவே வேண்டாம், மூன்று வயது முடிந்திருந்தாலும் சரி. வாயில் வைப்பதை விட்டுவிட்டாள் என்றாலும் நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பது போதாது. வீட்டில் இன்னொரு கைக்குழந்தை தவழ்கிறது என்றால் அதையும் கணக்கில் வையுங்கள், பெரியவள் சிந்தியதைச் சின்னது பொறுக்கும். காய்ந்த பட்டாணி மூக்கில் போனால் ஈரத்தில் ஊதிக்கொள்ளும், நீங்களே குச்சி விட்டு எடுக்கப் பார்த்தால் இன்னும் உள்ளே போகும், நேராக மருத்துவரிடம் போங்கள். முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மூடி மேலே வையுங்கள்.

ஐந்து நிமிடம் உட்காரவில்லை என்கிறீர்கள். எதற்கு உட்கார வைத்தீர்கள்? நோட்டில் அ எழுதுவதற்கு என்றால் எந்த மூன்று வயதும் உட்காராது, உட்காரவும் கூடாது. அந்த விரல்கள் இன்னும் பென்சிலுக்குத் தயாராகவில்லை, இதைப் பள்ளிகளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அரிசியைக் கொடுத்துப் பாருங்கள். பத்துத் தடவை ஊற்றிவிட்டு எழுந்து போனால் அன்றைக்கு அவளுக்கு அது போதும். கூப்பிட்டு மறுபடி உட்கார வைக்காதீர்கள், தாம்பாளம் அவள் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கட்டும், நாளைக்கு அவளே எடுப்பாள்.