பாங்காக்கில் 2568, மதுரையில் மார்கழி: மென்பொருளில் தேதி – கேள்வி பதில்

தேதி, நாள்காட்டி, லொகேல் (பயனரின் மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ற அமைப்பு) தொடர்பாக வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நிரல் வரிகளையே எழுதித் தரச் சொன்னவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜாவாவோ சி ஷார்ப்போ, சறுக்கும் இடம் ஒன்றுதான். அந்த இடத்தைக் காட்டிவிட்டால் மீதியை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருள் இங்கே ஒழுங்காக ஓடுகிறது. பாங்காக் கிளையில் நிறுவியதும் எல்லா பில்லும் 2568-ஆம் ஆண்டில் பதிவாகிறது. கணினியின் கடிகாரத்தைப் பார்த்தாயிற்று, சரியாகவே இருக்கிறது. (சென்னை)

பதில்: கடிகாரத்தை விடுங்கள். தாய்லாந்தில் அதிகாரபூர்வமாகப் புழங்குவது புத்த ஆண்டு. நம் ஆண்டோடு 543 கூட்டினால் அது வரும். 2025 அங்கே 2568. விண்டோஸில் தாய் லொகேலின் இயல்பு நாள்காட்டியே அதுதான், மைக்ரோசாஃப்ட்டின் நிரல் தளமான டாட்நெட்டும் அதை மதித்தே எழுதுகிறது. திரையில் அப்படித் தெரிவதில் குற்றமில்லை, பாங்காக் கணக்கருக்கு வேண்டியதும் அதுவே. திரைக்காக உருவாக்கிய அதே எழுத்துகளை நீங்கள் டேட்டாபேஸிலும் கோப்பிலும் எழுதிவிட்டீர்கள், வம்பு அங்கே வந்தது.

சேமிப்பதற்கு என்றால் எந்த நாட்டையும் சாராத வடிவம் வேண்டும். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர முறையில் ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுங்கள். டாட்நெட்டில் எந்த நாட்டையும் சாராத இன்வேரியன்ட் கல்ச்சர் இருக்கிறது, அதோடு இந்த வடிவத்தையும் வெளிப்படையாகக் கொடுங்கள். பயனர் கண்ணில் படும் இடத்தில் மட்டும் அவருடைய லொகேல். ஜாவாவிலும் இதே கதைதான்: தாய் நாள்காட்டிக்குத் தனி வகுப்பு உண்டு, ஆனால் உள்ளே எல்லாம் லோக்கல்டேட் என்ற பொதுத் தேதி வகையில் வைத்துக்கொள், காட்டும்போது மட்டும் மாற்று என்று அதன் ஆவணமே சொல்கிறது.

இன்னொன்று. பயனர் ஆண்டை இரண்டு இலக்கத்தில் 68 என்று தட்டினால் அது 1968-ஆ, 2568-ஆ? இரண்டு இலக்க ஆண்டை வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: கோயில் நன்கொடை ரசீதில் தமிழ்த் தேதியும் அச்சாக வேண்டும் என்கிறார்கள். ஐசியு என்ற பன்மொழி லைப்ரரியில் ‘இந்தியன்’ என்று ஒரு நாள்காட்டி இருக்கிறதே, அதைப் போட்டால் போதுமா? (மதுரை)

பதில்: போதாது. போட்டால் ரசீதைப் பார்த்த முதல் குருக்களே உங்களைக் கூப்பிட்டு அனுப்புவார். அது 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாள்காட்டி. மேக்நாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரையில் உருவான சக ஆண்டு முறை. சைத்ரம் மார்ச் 22-இல், லீப் ஆண்டானால் 21-இல் தொடங்கும். மத்திய அரசிதழில் பார்க்கலாம். நம் சித்திரை ஏப்ரல் நடுவில் பிறக்கிறது.

தமிழ் மாதக் கணக்குக்கு ஐசியுவிலும் சரி, அதற்கு லொகேல் தரவு தரும் சிஎல்டிஆர் தொகுப்பிலும் சரி, இடமில்லை. நாமே எழுதிக்கொள்ள வேண்டும். விதி என்னவோ எளிமையானதுதான். சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் நேரம் அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் அன்றே மாதம் பிறக்கும். பின்னால் என்றால் மறுநாள். கேரளத்தில் வேறு விதி: பகலை ஐந்தாகப் பிரித்து முதல் மூன்று பங்குக்குள் சங்கராந்தி வந்தால்தான் அன்று ஒன்றாம் தேதி. அதனால் நம் ஆவணிக்கும் அவர்களுடைய சிங்ஙத்துக்கும் சில ஆண்டுகளில் ஒரு நாள் இடறும். மாதத்தின் நீளமும் நிலையாக நிற்காது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் சூரியன் அந்த ராசியை விரைவாகக் கடக்கிறது, மார்கழி 29 நாளிலேயே முடிந்துவிடும். ஜூலையில் எதிர்நிலை என்பதால் ஆனி 32 வரை இழுக்கும்.

விதியை நிரலாக எழுதலாம், எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பஞ்சாங்கத்துக்கு? வாக்கியமும் திருக்கணிதமும் கிரக நிலையை வேறு வேறு கணக்கில் எடுப்பவை. சனிப் பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச்சிலும் வாக்கியப்படி 2026 மார்ச்சிலும் வந்தது நினைவிருக்கும். சூரியன் விஷயத்தில் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை, சில மணி நேரம்தான். ஆனால் சங்கராந்தி அஸ்தமனத்தை ஒட்டி விழுந்தால் அந்தச் சில மணியே ஒன்றாம் தேதியை நகர்த்திவிடும். அஸ்தமனமும் ஊருக்கு ஊர் மாறும். டொரன்டோ கோயில் சென்னை அஸ்தமனத்தைப் பார்ப்பதா, டொரன்டோ அஸ்தமனத்தைப் பார்ப்பதா? இதற்கு விடை கோயில் நிர்வாகத்திடம் இருக்கிறது, நிரலரிடம் இல்லை.

ஆகவே என் யோசனை: வானியல் கணக்குக்குள் இறங்காதீர்கள். கோயில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறதோ அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஆங்கிலத் தேதியில் என்றைக்குப் பிறக்கிறது என்று ஆண்டுக்கு 12 வரி கொண்ட ஓர் அட்டவணை வையுங்கள். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் 12 வரி சேர்த்தால் தீர்ந்தது. நேபாளத்தின் விக்ரம் சம்வத்துக்கான நிரல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் அட்டவணையை வைத்து ஓடுகின்றன. அங்கே அரசு அலுவலே அந்த நாள்காட்டியில் நடக்கிறது, ஒருவரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

ஆண்டுப் பெயர் சுலபம். சித்திரை 1-க்குப் பிறகு என்றால் ஆங்கில ஆண்டிலிருந்து 1987-ஐக் கழித்து 60-ஆல் வகுங்கள். மீதி 0 என்றால் பிரபவ, 38 என்றால் விசுவாவசு. ஜனவரியிலிருந்து சித்திரை பிறக்கும் வரை முந்தைய ஆண்டின் பெயரே ஓடும்; இதை மறந்த மென்பொருள்கள் நிறைய. பெயரை மட்டும் டேட்டாபேஸில் வைக்காதீர்கள், 1965-உம் விசுவாவசுதான். திருவள்ளுவர் ஆண்டு கேட்டால் 31 கூட்டுங்கள், ஆனால் அது தை 1-இல் மாறும். ஒரே ரசீதில் இரண்டும் அச்சானால் தைக்கும் சித்திரைக்கும் நடுவே ஒன்று மாறியிருக்கும், மற்றது மாறியிருக்காது. பிழை என்று புகார் வரும். பிழையில்லை.

கேள்வி: மாத நாள்காட்டிக் கட்டத்தின் தலைப்பில் கிழமையின் முதல் எழுத்தை மட்டும் காட்டுகிறோம். தமிழில் ‘ச’ இரண்டு முறை, ‘வ’ இரண்டு முறை வருகிறது. (யாழ்ப்பாணம்)

பதில்: செவ்வாயின் ‘செ’ கணினிக்கு ஓர் எழுத்தல்ல. ச முதலில், எகரக் குறி அதன்பின் என்று இரண்டு குறியீட்டுப் புள்ளிகள். முதல் குறியீட்டை மட்டும் வெட்டினால் செவ்வாயும் சனியும் ‘ச’ ஆகிவிடும், வியாழனும் வெள்ளியும் ‘வ’ ஆகிவிடும். வெட்டவே வேண்டாம். சிஎல்டிஆரில் கிழமைகளுக்குக் குறுகிய வடிவம் தனியாகவே இருக்கிறது: ஞா, தி, செ, பு, வி, வெ, ச. வேறு எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் குறியீட்டுப் புள்ளியாக எண்ணாமல், கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் கொத்தை எண்ணுங்கள். ஐசியு, ஜாவா, டாட்நெட் எல்லாவற்றிலும் அதற்கு வழி உண்டு. மாதங்களில் இந்த வித்தையும் பலிக்காது. ஜூனும் ஜூலையும் ‘ஜூ’தான். மாதத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு வடிவமையுங்கள்.

கேள்வி: தமிழ் இடைமுகத்தைத் தேர்ந்தெடுத்தால் தொகை 12,34,567 என்று வருகிறது. எங்களுக்கு 1,234,567 வேண்டும். (கோலாலம்பூர்)

பதில்: மொழி மட்டும் லொகேல் ஆகாது. தமிழ்–இந்தியா என்றால் லட்சக் கணக்கு, தமிழ்–மலேசியா என்றால் மில்லியன் கணக்கு, வாரமும் திங்களில் தொடங்கும். மென்பொருள் வெறும் ‘தமிழ்’ என்று கேட்டால் இந்தியாவே கிடைக்கும். நாட்டையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹிஜ்ரி தேதி சில மாதங்களில் ஒரு நாள் முன்பின்னாக வருகிறது. எந்த லைப்ரரி சரி? (துபாய்)

பதில்: எல்லாம் சரி, அவரவர் கணக்கில். 30 ஆண்டுச் சுழற்சியில் 11 லீப் ஆண்டுகள் வைத்து ஓடும் அட்டவணை முறை ஒன்று. சவூதி அரேபியாவின் உம்முல் குரா நாள்காட்டி இன்னொன்று. பிறையைக் கண்ணால் பார்த்து அறிவிப்பது மூன்றாவது. அதை எந்த நிரலும் முன்கூட்டிச் சொல்லாது. சவூதி வாடிக்கையாளர் என்றால் உம்முல் குராவை எடுங்கள். டாட்நெட்டில் அதன் அட்டவணை 2077 வரைக்கும்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், நீண்ட காலக் குத்தகை ஒப்பந்தங்களில் முட்டிக்கொள்ளும். பிறை பார்க்கும் சமூகங்களுக்கு ஒன்றிரண்டு நாள் கூட்டிக் குறைக்க ஒரு விருப்பம் தாருங்கள். டாட்நெட்டின் ஹிஜ்ரி வகுப்பில் இந்தத் திருத்தம் இரண்டு நாள் வரை அனுமதிக்கப்படுகிறது. எழுதியவர்களுக்கே பிரச்சினை தெரிந்திருக்கிறது.

அங்கே இருப்பதால் இதையும் சொல்கிறேன்: வார விடுமுறையை நிரலில் பொறிக்காதீர்கள். சவூதி 2013-இல் வியாழன்–வெள்ளியை வெள்ளி–சனி ஆக்கியது. அமீரகம் 2022 ஜனவரியில் சனி–ஞாயிறுக்கு வந்து வெள்ளியை அரை நாள் ஆக்கியது. அரை நாள் என்ற ஒன்றையே அறியாத சம்பள மென்பொருள்கள் அப்போது பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: டோக்கியோ வாடிக்கையாளருக்குப் பேரரசர் ஆண்டில் தேதி வேண்டும். ஆண்டுப் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதிவிடலாமா? (கோவை)

பதில்: பட்டியல் சரி, நிரலுக்குள் வேண்டாம். இப்போதைய பேரரசரின் ஆண்டுப் பெயரான ரெய்வா 2019 மே 1-இல் தொடங்கியது, பெயரை அறிவித்ததோ ஏப்ரல் 1. உலகம் முழுக்க மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒரு மாதம்தான் கிடைத்தது. அந்தப் பெயரை ஒரே கட்டத்தில் எழுத ஒரு குறியீடு சேர்ப்பதற்காகவே யுனிகோட் 12.1 என்று ஒரு தனிப் பதிப்பு வந்தது. இயங்குதளம் தரும் தரவைப் பயன்படுத்தியவர்கள் ஒரு அப்டேட்டோடு தப்பித்தார்கள்.

முதல் ஆண்டை ‘1’ என்று எழுதாமல் ‘கன்னென்’ என்று எழுதும் வழக்கம் உண்டு, இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், முந்தைய பேரரசரின் ஹெய்செய் 31-உடன் முடிந்துவிட்டது என்று நினைத்து ‘ஹெய்செய் 35’ஐ உள்ளீட்டில் மறுத்துவிடாதீர்கள். பேரரசர் மாறுவதற்கு முன் வழங்கிய ஓட்டுநர் உரிமங்களில் காலாவதி அப்படி அச்சாகியிருந்தது. அது 2023 என்று அமைதியாகப் புரிந்துகொள்ள வேண்டியது உங்கள் நிரலின் வேலை.

கேள்வி: டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் அறிக்கையில் அடுத்த ஆண்டு வருகிறது. ஜனவரி வந்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. (ஓசூர்)

பதில்: ஃபார்மட்டில் ஆண்டுக்குப் பெரிய எழுத்து ஒய் (Y) போட்டிருப்பீர்கள். ஜாவாவில் அது வாரக் கணக்கின் ஆண்டு. ஐஎஸ்ஓ முறையில் ஆண்டின் முதல் வியாழனைக் கொண்ட வாரமே முதல் வாரம். 2025 டிசம்பர் 29 திங்கள் என்பதால் அன்றைக்கே 2026-இன் முதல் வாரம் தொடங்கிவிட்டது. சிறிய எழுத்து ஒய்க்கு மாற்றுங்கள். ஜெர்மன் வாடிக்கையாளர் வார எண் கேட்டால் மட்டும் பெரியது.

கேள்வி: ஜாவா 17-இலிருந்து 21-க்கு மாறியதும் ‘3:04 பிஎம்’ போன்ற நேரங்களைப் படிக்க முடியாமல் நிரல் நின்றுவிடுகிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. (சென்னை)

பதில்: தெரியாது. சிஎல்டிஆர் 42-இல் ஆங்கில நேரத்தின் பிஎம்முக்கு முன்னால் இருந்த சாதாரண இடைவெளி, வரி உடையாத குறுகிய இடைவெளியாக மாறியது. ஜாவா 20 அந்தத் தரவை எடுத்துக்கொண்டது. குரோம் உலாவியிலும் இதே சிக்கல் எழுந்து, அவர்கள் பழைய இடைவெளிக்கே திரும்பினார்கள். நீங்களே எழுதி நீங்களே படிக்கும் கோப்பு என்றால் ஃபார்மட்டை வெளிப்படையாகக் கொடுங்கள். லொகேல் தரவு ஆண்டுக்கு இருமுறை வரை புதுப்பிக்கப்படுவது, அது மாறாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

கேள்வி: பிறந்த தேதி சிலருக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாகத் தெரிகிறது. பெரும்பாலும் பழைய உறுப்பினர்கள். (சிங்கப்பூர்)

பதில்: பிறந்த தேதிக்கு நேரமும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. நீங்கள் அதை நள்ளிரவு 00:00 என்று ஒரு கணமாக வைத்திருக்கிறீர்கள். சிங்கப்பூர் 1982 தொடக்கத்தில்தான் உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி முன்னால் இருக்கும் நேர மண்டலத்துக்கு வந்தது, அதற்கு முன் ஏழரை. இன்றைய எட்டைக் கொண்டு கணமாக்கி, அன்றைய ஏழரையைக் கொண்டு திரும்பப் படித்தால் முந்தைய இரவு 11:30. இலங்கையில் பிறந்தவர்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் இன்னும் வேடிக்கை: அங்கே 1996-இல் இரண்டு முறை, 2006-இல் ஒரு முறை மாற்றினார்கள், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலோ அந்தப் பத்தாண்டும் பழைய நேரமே ஓடியது. நேரமில்லாத தேதி வகைக்கு அந்த நெடுவரிசையை மாற்றுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு லொகேலில்தான் சோதிக்க நேரமிருக்கிறது. எது? (திருச்சி, மாணவர்)

பதில்: அரபு–சவூதி. வலமிருந்து இடம், வேறு இலக்கங்கள், வேறு நாள்காட்டி, எல்லாம் ஒரே அடியில். அரை மணி மிஞ்சினால் துருக்கி. அங்கே சிறிய ஆங்கில ஐ-யைப் (i) பெரியதாக்கினால் புள்ளி வைத்த பெரிய ஐ (İ) வரும், உங்கள் கோப்புப் பெயர் ஒப்பீடுகளில் எது உடைகிறது என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு எக்செல் கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டியதும் எல்லாத் தேதியும் நாலு ஆண்டு தள்ளிப் போகிறது. (சேலம்)

பதில்: நாலு ஆண்டும் ஒரு நாளும், சரியாக 1,462 நாள். ஒரு கோப்பு பழைய மேக்கில் பிறந்தது, 1904-லிருந்து எண்ணுகிறது. மற்றது 1900-லிருந்து. எக்செல் அமைப்பில் 1904 தேதி முறை என்று ஒரு டிக் இருக்கும். ஆனால் கோப்பில் ஏற்கெனவே தேதிகள் இருக்கும்போது அதை மாற்றினால் அவையெல்லாம் நகர்ந்துவிடும். ஒட்டிய நெடுவரிசையில் மட்டும் 1,462-ஐக் கூட்டியோ கழித்தோ கொள்ளுங்கள்.