கறுப்புக் கோட்டும் எம்.எல்.ஏ. பதவியும்

கேள்வி: என் மகன் கோலார் தங்கவயல் கோர்ட்டில் வக்கீல். அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்லி ஊரில் வற்புறுத்துகிறார்கள். ஜெயித்தால் தொழிலை விட வேண்டுமா? எம்.எல்.ஏ. வேலை என்றால் சிபாரிசுக் கடிதம் கொடுப்பதுதானே, இரண்டையும் சேர்த்தே பார்க்கலாமே?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: சட்டப்படி விட வேண்டியதில்லை. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்று கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நிராகரித்துவிட்டது. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது என்பது வக்கீல்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் 49-ஆம் விதி. மக்கள் பிரதிநிதி சம்பளம் வாங்கினாலும் அவர் யாருக்கும் ஊழியர் இல்லை, எனவே அந்த விதி அவரைக் கட்டாது என்றது தீர்ப்பு.

ஆனாலும், ஜெயித்தால் உங்கள் மகன் அந்த ஐந்து வருடமும் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்றே சொல்வேன். தங்கவயல் மாதிரி ஊரில் கோர்ட்டுக்கு வருகிறவரும் தாலுகா ஆபீசில் நிற்கிறவரும் ஓட்டுப் போட்டவரும் ஒரே ஆள்தான். காலையில் ஒருவருடைய பஹணி (நிலப் பதிவேடு) தகராறுக்காகத் தாசில்தாரிடம் எம்.எல்.ஏ.வாகப் போனில் பேசிவிட்டு, மத்தியானம் அதே ஆளுக்கு வக்காலத்துப் போட்டு நின்றால், எதிர்த்தரப்பில் நிற்கிறவர் யாரிடம் போய் முறையிடுவார்? அவருக்கும் அதே எம்.எல்.ஏ.தானே. உங்கள் மகன் நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்த வழக்கு ஜெயித்தால் ஊர் நம்பாது, தோற்றாலும் நம்பாது.

உங்கள் கேள்வியின் பின்பாதிதான் எனக்குக் கவலை தருகிறது. சிபாரிசுக் கடிதம் எழுத வக்கீல் எதற்கு? ஜமகண்டியில் வக்கீலாக இருந்த பி.டி. ஜத்தி இந்த மாநிலத்துக்கு முதல்வரானார். கார்கள வக்கீல் வீரப்ப மொய்லி 1972-ல் சட்டசபைக்குள் வந்து 1992-ல் முதல்வரானார். பதவியைக் காட்டி ஆசை மூட்ட இதைச் சொல்லவில்லை. சட்டத்தின் ஒரு வரி ஊரில் போய் என்ன செய்யும் என்பதைச் சின்ன ஊர் வக்கீல் தினமும் பார்க்கிறார். சபைக்கு வேண்டியது அந்தக் கண்.

தேவராஜ் அர்ஸ் முதல்வராக இருந்த காலத்தில், 1974-ல் அமலுக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குத்தகைக்காரர்களின் உரிமையை முடிவுசெய்யத் தாலுகாக்களில் நிலத் தீர்ப்பாயங்கள் வந்தன. அவற்றில் வக்கீல்கள் வாதாடக் கூடாது என்று 48-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு. நிலக்காரர் பெரிய வக்கீலை அமர்த்துவார், உழுகிறவர் எங்கே போவார் என்பதே அதன் பின்னால் இருந்த நியாயம். வக்கீல் தொழிலுக்கே அடி என்றாலும் அந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வழக்கறிஞர் சட்டம் நாடாளுமன்றம் போட்டது, அதற்கு முரணாக மாநிலம் தடை போட முடியாது என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் அந்த உட்பிரிவைச் செல்லாதாக்கியது. மசோதா சபையில் இருக்கும்போதே எழுந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதைக் கேட்கத் தெரிந்தவரை நாம் பள்ளிக்கூட சீட்டுக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் கடிதம் கேட்டு வாசலிலேயே நிறுத்திவைக்கிறோம். இதில் வாக்காளர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு, உங்களுக்கும்தான்.

வருடத்துக்குக் குறைந்தது 60 நாள் சபை கூட வேண்டும் என்று கர்நாடகம் 2005-ல் சட்டமே போட்டது. பெரும்பாலும் அது எட்டப்படுவதில்லை. கூடுகிற நாளிலாவது உட்கார வேண்டாமா? குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்கும் பெலகாவி, தங்கவயலிலிருந்து மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிறது. சபைக்குப் போனால் இங்கே வாய்தா வாங்க வேண்டும், வாய்தாவுக்கு நின்றால் சபை போய்விடும். இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடாவின் உத்தரவு வந்தால் ஓட்டை மாற்றிப் போட முடியாது, கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985 முதல் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்க, விவாதத்தில் பேச, மசோதாவுக்குத் திருத்தம் கொடுக்க இடமிருக்கிறது. சட்டம் நிறைவேறியபின் அதிகாரிகள் எழுதும் விதிகளைப் பார்க்கவும் சபையில் ஒரு குழு உண்டு. ஊரில் ஜனங்களை அலைக்கழிப்பது அநேகமாக அந்த விதிகள்தான்.

ஓட்டுக் கேட்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். சுரங்கம் 2001-ல் மூடியபின் அந்தக் குடும்பங்களுக்கு மிச்சமிருப்பது லைன் வீடுகளின், அதாவது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளின், கவலை. சுரங்கத்தை நடத்திய நிறுவனம் மத்திய அரசுடையது. எம்.எல்.ஏ. ஆன மறுமாதம் பட்டா வாங்கித் தருவேன் என்று மேடையில் அவர் சொல்லக் கூடாது. சபையில் எழுப்புவேன், டெல்லிக்கு அனுப்ப வைப்பேன் என்பதுவரைதான் உண்மை.

தமிழர் என்பதால் தயங்க வேண்டாம். கன்னடமோ இந்தியோ ஆங்கிலமோ சரியாகப் பேச வராத உறுப்பினர், சபாநாயகர் அனுமதியோடு தாய்மொழியில் பேச அரசியலமைப்பின் 210-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் உங்கள் மகன் அந்தச் சலுகையை நாடாமல், கன்னடத்திலேயே மசோதாவை வாசித்து, கன்னடத்திலேயே திருத்தம் கொடுக்கட்டும். வேட்புமனுப் போடுவதற்கு முன்பே சட்டசபை விவாதங்களை எடுத்து வாசிக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.